பீரங்கிப் பைத்தியம் உங்களுக்கு எப்படிப் பிடித்தது?

லயத்துப் பையன்:
எனக்கு மலேசியாவில், சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தையில் பிடித்தது. 2007-இல் ஊர்ப் பெயரை பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள், வாய்க்கு இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. நோன்புப் பெருநாள் நெருங்கினால் மலாய்க் கம்பத்துப் பிள்ளைகள் மெரியாம் பூலோ என்ற மூங்கில் பீரங்கி வெடிப்பார்கள். எங்கள் தோட்டத் தொழிலாளர் லயத்தில் தீபாவளிக்கு அதே கூத்து, பால் டின்னில். உள்ளே போடும் கார்பைடு கல் நனைந்ததும் கிளம்பும் பூண்டு வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது. ஒரு வருடம் அண்ணன் புருவமே இல்லாமல் தீபாவளிப் படத்துக்கு நின்றார்.

பிறகு பள்ளிச் சுற்றுலாவில் கோல சிலாங்கூரின் புக்கிட் மலாவத்தி என்ற கோட்டைக் குன்றுக்குப் போனோம். மற்றவர்கள் குரங்குக்குக் கடலை போட்டுக்கொண்டிருக்க, நான் ஒரு பீரங்கியின் வாய்க்குள் தோள்வரை கையை விட்டுக்கொண்டு நின்றேன். 1784-இல் டச்சுக்காரன் அந்தக் குன்றைப் பிடித்து அல்டிங்பர்க் என்று பெயர் வைத்தான், மறு வருடமே சுல்தான் இப்ராஹிம் திருப்பிப் பிடித்துவிட்டார் என்பதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது.

முதல் மாடல் ஒரு முழம். பித்தளைக் கம்பியை இரும்புக் கடையில் எடை போட்டு வாங்கினேன். தோட்டத்து ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் கடைசல் பிடித்துக் கொடுத்தார். குழலின் இரண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே, வண்டியில் உட்காரும் இடம், அதை நான் நட்டநடுவில் வரைந்திருந்தேன். "பழைய பீரங்கிப் படத்தைப் பாருடா, காது மையத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கும்" என்றார். பார்த்தேன், அப்படித்தான் இருந்தது. கப்பல் பீரங்கி வண்டியில் முன்சக்கரம் பெரிது, பின்சக்கரம் சிறிது. கப்பல் தளம் ஓரத்தை நோக்கிச் சரிவதால், குழல் மட்டமாக நிற்க அந்த ஏற்பாடு. இந்த மாதிரி விஷயம் ஒன்று தெரிந்துவிட்டால் அப்புறம் தூக்கம் வராது.

இப்போது வீட்டு முன்னால் ஆறடிக் குழல் நிற்கிறது. வெடிக்காது. ஒரு முழம்தான் துளை, அதற்குப் பின்னால் சிமெண்ட். வெடிக்கிற பீரங்கி செய்ய நினைப்பவர்கள் 1957-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தை முதலில் படியுங்கள். என்னைக் கேட்டால் சத்தத்தில் ஒன்றுமில்லை, அழகெல்லாம் வண்டியில்தான். அந்த வண்டியில்தான் கோட்டை விட்டேன். மலிவு என்று கித்தா மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், அடித்தேன். நாலே மாதத்தில் சக்கரத்தடியில் கோதுமை மாவு கொட்டின மாதிரி தூள். வண்டு!

ஜார்ஜ் டவுன்காரன்:
உங்கள் ஊர்ப் பீரங்கி எங்களிடம் இருக்கிறது, தெரியுமா? பினாங்கு கார்ன்வாலிஸ் கோட்டையில் நிற்கும் ஸ்ரீ ரம்பை. 1603-இல் வார்த்த டச்சு வெண்கலம். ஜொகூருக்கு அன்பளிப்பாகப் போய், அங்கிருந்து சுமத்ராவின் ஆச்சேகாரர் கைக்கு மாறி, பிறகு சிலாங்கூருக்கு வந்தது. 1871-இல் கோல சிலாங்கூரில் வெள்ளைக்காரன் தூக்கிக்கொண்டு போனான். பிள்ளை வரம் வேண்டி அதன் வாயில் பூ வைப்பார்கள். என் பெரியம்மாவும் வைத்தார். இப்போது நான்கு பேரப்பிள்ளைகள். பீரங்கிக்கு எவ்வளவு பங்கு, பெரியப்பாவுக்கு எவ்வளவு என்று நான் கேட்டதில்லை.

பழைய பித்தளை:
லேலா வாங்குகிறவர்கள் ஜாக்கிரதை. சின்னப் பித்தளைப் பீரங்கிதான், போர்னியோ பக்கம் அந்தக் காலத்தில் கல்யாணத்தில் பெண் வீட்டுக்குப் பரிசமாகவே கொடுத்தார்கள். நான் 900 மலேசிய வெள்ளி கொடுத்து ஒன்று வாங்கினேன். பச்சைக் களிம்பு, தேய்ந்த டிராகன் தலை, எல்லாம் பார்க்கப் பொருத்தமாக இருந்தது. வீட்டுக்காரி குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்தாள். ஒரே தேய்ப்பில் இருநூறு வருடம் கழன்று வந்துவிட்டது. அடியில் புது வார்ப்பு மடிப்பு பளபளவென்று. கடைக்காரர் போன் எடுக்கவில்லை.

தஞ்சாவூர் போய்வந்தவன்:
ஊருக்குப் போனபோது எல்லாரும் பெரிய கோயிலில் இருக்க, நான் ஆட்டோ பிடித்துப் பீரங்கி மேட்டுக்குப் போனேன். நாயக்கர் காலத்து இரும்பு, 26 அடி நீளம், எடை சுமார் 22 டன். வார்த்ததல்ல. நீளப் பட்டைகளை அடுக்கி, மேலே வளையம் வளையமாகக் காய்ச்சி அடித்து இறுக்கியிருக்கிறார்கள், பீப்பாய்க்குப் பட்டை போடுகிற மாதிரி. வளையங்களை எண்ண ஆரம்பித்து மூன்று முறை தப்புவிட்டேன். ஆட்டோக்காரர் வந்து, "சார், அளவு எடுத்து என்ன செய்யப் போறீங்க?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

லயத்துப் பையன் அண்ணே, வண்டிக்குக் கித்தா மரம் எதற்கு? என் மாமா பழைய பலகை வீட்டைப் பிரிக்கிறார். செங்கால் என்கிற உறுதியான மரத்தில் செய்த உத்தரம் கிடக்கிறது.

லயத்துப் பையன்:
எத்தனை அடி? ஞாயிறு காலையில் லாரியோடு வருகிறேன். வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடாதீர்கள்.