மூன்றாவது சுற்றில் படுத்துவிடும் பிள்ளைகள்

முல்லைத்தீவில் ஒட்டுசுட்டான் பக்கம் 1500, 3000 மீற்றர் ஓடும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். முதல் இரண்டு சுற்றும் நன்றாக ஓடிவிட்டு மூன்றாவதில் ஒரேயடியாகப் படுத்துவிடும் பிள்ளை எல்லா ஊர் மைதானத்திலும் உண்டு, அப்படி ஒருத்தியின் கதை இது.

ஓ.எல். (சாதாரண தர) வகுப்புப் பிள்ளை. விடியக் குளக்கட்டுக்கு எல்லாரையும்விட முதலில் வந்து நிற்பாள், சொன்னதைச் செய்வாள், ஆனால் போட்டியென்று வந்தால் மூன்றாவது சுற்றில் உதடு வெளிறி, கை தொங்கி, பின்னால் வந்தவர்கள் எல்லாம் கடந்து போய்விடுவார்கள். மைதானத்தில் நின்றவர்கள் "மனத்துணிவு இல்லை" என்று லேசாகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு அது கொஞ்சமும் ஒத்துவரவில்லை. துணிவில்லாத பிள்ளை அந்த இருட்டில் எழும்பி வராது.

முதலில் வேகத்தைப் பார்த்தேன். 400 மீற்றர் சுற்றுக்கு 90 செக்கன் பிடித்தால் 1500 மீற்றர் 5 நிமிடம் 38 செக்கனுக்குள் முடியும். முதல் சுற்றை 80இல் ஓடுகிற பிள்ளை பிறகு படுப்பது சாதாரணம், அதை விசிலும் மணிக்கூடும் வைத்துத் திருத்தலாம். இவள் 90ஐ அப்படியே பிடித்தாள், அப்போதும் மூன்றாவதில் அதே கதைதான். அப்புறம் கீழ் இமையை இழுத்துக் காட்டச் சொன்னேன், உள்ளே சிவப்பே இல்லை, வெள்ளைத் துணி மாதிரி இருந்தது. என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டால், காலையில் பிளேன்ரீயும் (பால் விடாத தேநீர்) பிஸ்கட்டும், இரவு சோறும் சம்பலும், கை கழுவின கையோடு திரும்பவும் பிளேன்ரீ.

குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி, தாயோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். குருதியில் ஒட்சிசனைக் கொண்டுபோவது ஹீமோகுளோபின், அதைச் செய்ய இரும்புச்சத்து வேண்டும். இவளுக்கு அது 12க்குக் கீழே. குருதிச்சோகை. 100 மீற்றரில் இது பெரிதாக வெளியே தெரியாது, ஆனால் நெடுந்தூரம் பெரும்பாலும் குருதி கொண்டுபோகும் ஒட்சிசனில்தான் நிற்கிறது, வளரும் வயது, மாதவிடாய், அதற்கு மேல் ஓட்டப் பயிற்சி என்று எல்லாம் சேரும்போது இரும்புச்சத்து எங்கே மிஞ்சும்?

டொக்டர் குளிசை கொடுத்தார். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது, ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடிக்க வேண்டும். இதைத் தாய்க்கு விளங்கப்படுத்துவதுதான் பெரும் பாடு, பிளேன்ரீ இல்லாத வீடு வன்னியில் ஏது! முருங்கையிலை, நெத்தலி, கௌபி (தட்டைப்பயறு), கூடவே தேசிக்காய்ப்புளி என்று வீட்டில் கிடைப்பதையே சொன்னோம். உடனே சரிவராது, வாரக்கணக்கில் போகும், அதுவரை அவளுக்குக் கடும் பயிற்சி ஒன்றும் இல்லை, கதைத்துக்கொண்டே ஓடக்கூடிய மெல்லோட்டம் மட்டும். அதுவும் குளக்கட்டில்தான். காட்டு ஓட்டப் பயிற்சி என்று பற்றைக்குள் இறங்க இங்கே யாரையும் விடமாட்டேன், யானையும் இருக்கிறது, மிதிவெடிப் பயமும் இன்னும் முழுதாகத் தீரவில்லை. கச்சான் என்கிற தென்மேல் காற்று வீசும் மாதங்களில் வெயில் ஏறமுதல் முடித்துவிடுவோம்.

"பொம்பிளைப் பிள்ளைக்கு இந்த ஓட்டம் எதுக்கு சேர்" என்று தாய் ஒருநாள் கேட்டார். முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மா 72 வயதில், 2023இல் பிலிப்பைன்ஸ் போய் மூத்தோர் போட்டியில் 1500 மீற்றரில் தங்கம் வாங்கியதைச் சொன்னேன். "எங்கட முல்லைத்தீவு ஆளா?" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வி வரவில்லை, பிள்ளைக்குக் காலையில் அவித்த கௌபி வந்தது.

அடுத்த வலயப் போட்டியில் மூன்றாவது சுற்றையும் அதே 90இல் ஓடி இரண்டாவதாக வந்தாள். இப்போது வருடத் தொடக்கத்தில், பயிற்சி தொடங்கமுதல், நெடுந்தூரம் ஓடும் பிள்ளைகள் எல்லாருக்கும் பெற்றோரிடம் சொல்லி இரத்தப் பரிசோதனை செய்விக்கிறோம், பெடியங்கள் உட்பட. உங்கள் பக்கத்திலும் மூன்றாவது சுற்றில் படுக்கும் பிள்ளை இருந்தால் ஏசமுதல் இமையை ஒருக்கால் பாருங்கள், பிறகு மறக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள், இமையை மட்டும் பார்த்து நாங்களாகக் குளிசை வாங்கிக் கொடுக்கக் கூடாது.