வாதி அல்-ஹிதான்: மணலில் கிடக்கும் திமிங்கிலங்களை அடையாளம் காண்பது

எகிப்தின் ஃபையூம் பாலைவனத்தில் உள்ள வாதி அல்-ஹிதானில் பழங்காலத் திமிங்கிலத்தின் முழு எலும்புக்கூட்டைத் தேடி நடந்தால் ஏமாற்றம்தான். முதலில் கண்ணில் படுவது வரிசையாகக் கிடக்கும் முதுகெலும்புக் கணுக்கள். உச்சி வெயிலில் மணலும் எலும்பும் ஒரே நிறம். காலை மாலைச் சாய்வெயிலில்தான் ஒவ்வொரு கணுவும் நிழல் விழுந்து எழும்பித் தெரியும்.

இடுப்புப் பக்கக் கணு அகலத்தைவிட நன்றாக நீண்டிருந்தால் அது பாசிலோசாரஸ் என்ற அழிந்துபோன திமிங்கிலம். 15 முதல் 18 மீட்டர் வரை வளர்ந்த விலங்கு. குட்டையாக இருந்தால் பெரும்பாலும் டோருடான் என்ற சிறிய திமிங்கிலம், சுமார் 5 மீட்டர். கழுத்துக் கணுவை வைத்து முடிவு சொல்லாதீர்கள். இரண்டுக்கும் அது குட்டைதான்.

* * *

மேலே சொன்னதோடு கணுவின் முனைகளையும் பாருங்கள். வட்டத் தகடு தனியே கழன்று கிடந்தால் அது குட்டி. வளர்ந்த விலங்கில் தகடு கணுவோடு ஒட்டிவிடும். அங்கே டோருடான் குட்டிகள் ஏராளம். சிலவற்றின் மண்டையோட்டில் கடித்த தடம் இருக்கிறது. ஒரு பாசிலோசாரஸின் வயிற்றுப் பகுதியில் சிறு டோருடான் எலும்புகளும் மீன் எலும்புகளும் இருந்ததை 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. டோருடான்கள் குட்டி ஈன வந்த டெதிஸ் என்ற பழங்காலக் கடலின் ஆழமற்ற கரையோரத்தில் பாசிலோசாரஸ் வேட்டையாடியிருக்கிறது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

பாசிலோசாரஸுக்குப் பின்னங்காலும் உண்டு; அதை முதுகின் நடுவில் தேடக் கூடாது. அது வால் பக்கமாக வெகுதூரம் தள்ளி இருக்கும். தொல்லுயிரியலாளர் பிலிப் கிஞ்சரிச்சின் குழு 1989இல் முழங்காலைக் கண்டபின், மற்ற எலும்புக்கூடுகளிலும் அதே இடத்தைத் தோண்டித்தான் கணுக்கால், விரல் எலும்புகளை எடுத்தது. இத்தனை பெரிய உடலில் அவ்வளவு சிறிய கால்!

* * *

அனுமதி பெற்ற அகழ்வில் சேருபவர்களுக்கு: எலும்பை இறுக்க 100 மி.லி. அசிட்டோனில் 5 கிராம் பாரலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசின் போதும். கெட்டியாகக் கரைத்தால் உள்ளே இறங்காமல் மேலே தோலாகப் படியும், பிறகு எலும்போடு உரியும். நண்பகலிலும் அதே கதி. அசிட்டோன் உடனே பறந்துவிடும். விடிகாலையில் பூசுங்கள். பிளாஸ்டரில் தோய்த்த சாக்குத் துணியைச் சுற்றுமுன் அலுமினியத் தாள் போர்த்த வேண்டும். மறந்தால் பிளாஸ்டர் எலும்பைப் பிடித்துக்கொள்ளும்.

பார்க்க மட்டும் போகிறவர்கள், படத்தில் பளிச்சென்று தெரியட்டும் என்று தண்ணீர் தெளிக்காதீர்கள். உள்ளிருக்கும் உப்பு கரைந்து, காயும்போது படிகமாகி, எலும்பைப் பிளந்துவிடும்.