சிறுதொழில் சான்றிதழ்ப் படிப்பு: போட்ட காசு திரும்புமா?

புதுக்கணக்கு:
பேச வசதியாக ஒரு நிலவரத்தை வைக்கிறேன். ஒரு சின்ன கடை. மாத விற்பனை 3,00,000. சரக்கின் அடக்கம் போக மொத்த லாபம் 90,000. வாடகை, சம்பளம், மின்சாரம் எல்லாம் 60,000. கையில் நிற்பது 30,000. (நாணயம் எதுவானாலும் சரி, விகிதத்தைப் பாருங்கள்.) சிறுதொழில் மேலாண்மைச் சான்றிதழ்ப் படிப்பு 12 வாரம், வாரத்துக்கு இரண்டு மாலை, 3 மணி நேரம் வீதம் மொத்தம் 72 மணி. கட்டணம் 45,000. சேரலாமா, வேண்டாமா? கணக்கோடு சொல்லுங்கள்.

சில்லறை:
வேண்டாம். 45,000 என்பது நோட்டீசில் போட்ட விலை. மாதம் 26 நாள், தினம் 10 மணி நேரம் கடை திறந்தால் 260 மணி. 90,000ஐ அதால் வகுத்தால் மணிக்கு 346 மொத்த லாபம். அதுவும் சராசரிதான். வியாபாரம் சூடு பிடிக்கிற மாலை நேரத்தில்தான் வகுப்பு. அந்த நேரத்துக்கு மணிக்கு 700 என்று வைங்க. கடையைச் சாத்திவிட்டுப் போனால் 72 × 700 = 50,400. கட்டணத்தைவிடப் பெரிய செலவு, ரசீதில் வராது. ஆக 95,400, மூன்று மாத லாபத்துக்கும் மேலே.

பேரேடு:
சாத்தினால்தானே? நம்பகமான ஆள் ஒருவரை நிறுத்தினால் கூலி மட்டும்தான் செலவு. கூட்டமில்லாத நேரத்து வகுப்பு கிடைத்தால் அதுவும் குறையும். இன்றைக்கு மூடியிருக்கிறதே என்று நாளைக்கு வந்து வாங்குகிறவரையும் நீங்கள் நஷ்டத்தில் சேர்த்துவிட்டீர்கள்.

வரவைப் பாருங்கள். சிறு கடைகளில் அன்றாடம் நடக்கிற தவறு: அடக்கம் 100, அதன் மேல் 30% வைத்து 130க்கு விற்பார். விற்பனையில் 30% லாபம் என்று மனதில் ஓடும். உண்மையில் 23.1%தான். 30% நிற்க வேண்டுமானால் விலை 142.86 இருக்க வேண்டும். இந்தக் குழப்பத்தோடு 10% தள்ளுபடி வேறு அறிவித்தால் 130, 117 ஆகும். கையில் நின்ற 30, 17 ஆகிவிடும். தள்ளுபடி 10%தான், லாபத்தில் போனதோ 43%. விலை நிர்ணயப் பாடத்தில் இது முதல் வாரமே வரும்.

சில்லறை:
முதல் வாரமே வருகிறது என்றால் மீதி 11 வாரத்துக்கு எதற்குக் காசு? நீங்கள் எழுதிய பத்தி இங்கே இலவசமாகக் கிடைக்கிறதே.

தராசுமுள்:
இரண்டு பேரும் ஊகத்தில் மோத வேண்டாம், சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். உலக வங்கிப் பொருளியலாளர் டேவிட் மெக்கன்சி 2021ல் பல நாட்டுச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார். தொழில் பயிற்சி பெற்றவர்களுக்கு விற்பனையும் லாபமும் சராசரியாக 5 முதல் 10% கூடுகிறது என்று கணித்தார்.

சராசரிக்குள் நிறைய ஒளிந்திருக்கிறது. டோகோவின் லோமே நகரில் 1,500 சிறுதொழில் செய்பவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான மேலாண்மைப் பாடம்: கணக்கு, சந்தைப்படுத்தல், நிதி. இன்னொன்றுக்கு முன்முயற்சிப் பயிற்சி: தானாக வாய்ப்பு தேடுவது, புதிதாக ஒன்றைச் செய்து பார்ப்பது, தடங்கலுக்கு முன்பே திட்டமிடுவது. மூன்றாவது பிரிவுக்கு எதுவும் இல்லை. 2017ல் வந்த முடிவு: முன்முயற்சிப் பிரிவின் லாபம் 30% கூடியது. வழக்கமான பாடத்தில் 11%; அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்று ஒதுக்கக்கூடிய அளவு. வகுப்பு நேரம் 36 மணிதான்.

சில்லறை:
என் பக்கம் பேசுகிற எண்கள். 10% என்றே வைப்போம். 30,000க்கு மாதம் 3,000. 95,400ஐ எடுக்க 32 மாதம். 5% என்றால் 64 மாதம். அதுவரை கற்றதை விடாமல் செய்துகொண்டே இருக்க வேண்டும். பொதுவாக என்ன நடக்கும்? படிப்பு முடிந்த கொஞ்ச நாளிலேயே தினசரி வரவு செலவு எழுதுவது நின்றுவிடும்.

அடக்கவிலை:
குறுக்கே வருகிறேன். வகுப்பால் கடை சாத்தவில்லை என்றால் அதே 10%க்கு 15 மாதத்தில் 45,000 திரும்பிவிடும். 15க்கும் 32க்கும் வித்தியாசம் பாடத்திட்டத்தில் இல்லை, வகுப்பு அட்டவணையில் இருக்கிறது. இதைக் கேட்காமலே பலர் சேர்கிறார்கள்.

பேரேடு:
சராசரி 10%ஐப் பிடித்துத் தொங்க வேண்டாம். இந்தக் கடைக்கு 2% விலை ஏற்றினால் என்ன ஆகும்? 100க்கு விற்றது 102. ஒரு பொருளில் 30 நின்ற இடத்தில் 32 நிற்கும். பதினாறில் ஒரு பங்கு விற்பனை குறைந்தாலும் பழைய லாபம் கெடாது. விற்பனை குறையாவிட்டால் மாதம் 6,000 கூடும். அது நிகர லாபத்தில் 20%. இரண்டாவது, பாக்கி. விற்பனையில் பாதி கடனுக்குப் போய், வசூலாக 45 நாள் ஆகிறது என்றால் வெளியில் நிற்பது 2,25,000. அதை 30 நாளாக்கினால் 1,50,000. ஆக 75,000 கைக்கு வந்துவிட்டது. கட்டணம் முழுசும் ஒரே அடியில் தேறிவிடும்!

அடக்கவிலை:
பேரேடு, விலைக் கணக்கு சரி. பாக்கிக் கணக்கு தப்பு. அந்த 75,000 உங்கள் சொந்தப் பணம்தான், முன்னாடியே கைக்கு வருகிறது, லாபம் ஆகாது. அதனால் மிச்சமாகிற வட்டியை மட்டும் சேர்க்கலாம். ஆண்டுக்கு 18% வட்டிக்குப் புரட்டுகிறவருக்கு வருடம் 13,500, மாதம் 1,125. படிப்பு நடத்துகிறவர்களும் சில சமயம் ரொக்கத்தை லாபமாகக் காட்டிப் பலனைப் பெரிதாக்குவார்கள்.

பேரேடு:
ஒத்துக்கொள்கிறேன், 1,125 என்றே போடுங்கள். விலையேற்றத்தில் பாதிதான் கைகூடியது என்று வைத்தாலும் 3,000 + 1,125 = 4,125. வெறும் கட்டணத்துக்கு 11 மாதம்.

சில்லறை:
அந்த இரண்டையும் செய்ய 72 மணி நேரம் உட்கார வேண்டியதில்லை என்பதுதான் என் வாதம். டொமினிகன் குடியரசில் ஒரு சோதனை நடந்தது, 2014ல் வெளியானது. ஒரு குழுவுக்கு முறையான கணக்கியல், இன்னொரு குழுவுக்குச் சில எளிய விதிகள் மட்டும். வீட்டுப் பணமும் கடைப் பணமும் வெவ்வேறு இழுப்பறையில். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்தால் சீட்டு எழுதிப் போட வேண்டும். இந்த மாதிரி. எளிய விதி கற்ற குழு கணக்கை ஒழுங்காக வைத்தது. முறையான கணக்கியல் படித்த குழுவில் சொல்லும்படி மாற்றம் இல்லை.

தராசுமுள்:
அதையும் ஒருவர் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்துத்தானே செய்ய வைத்தார்கள், சில்லறை? அது ‘பாடத்தைச் சுருக்கு’ என்பதற்குச் சான்று. ‘போகாதே’ என்பதற்குச் சான்றாகாது.

புதுக்கணக்கு:
சான்றிதழைக் காட்டினால் வங்கிக் கடன் சுலபமாகுமா?

அடக்கவிலை:
பெரும்பாலும் இல்லை. கடன் கொடுப்பவர் பார்ப்பது கணக்கில் ஓடுகிற வரவு, வரித் தாக்கல், பழைய தவணை ஒழுங்கு, ஈடு. ஒரு கடன் திட்டம், மானியம் அல்லது ஒப்பந்தப்புள்ளியின் தகுதி நிபந்தனையிலேயே ‘பயிற்சிச் சான்றிதழ் வேண்டும்’ என்று எழுதியிருந்தால் கதை வேறு. அப்போது யார் வழங்கியது செல்லும், எத்தனை ஆண்டுக்குள் வாங்கியிருக்க வேண்டும் என்பதைக் கட்டணம் கட்டும் முன் எழுத்தில் கேளுங்கள். ‘கலந்துகொண்டார்’ என்ற சான்றிதழும் தேர்வு எழுதித் தேறிய சான்றிதழும் ஒன்றல்ல. தொழில் நடத்தச் சட்டப்படி தேவைப்படும் உரிமப் பயிற்சியை இதோடு குழப்பாதீர்கள். அதற்கு லாப நஷ்டக் கணக்கே கிடையாது, எடுத்தே ஆக வேண்டும்.

பேரேடு:
சேர்வதானால் நடத்துகிறவர்களிடம் மூன்று கேள்வி. வீட்டுப்பாடம் எங்கள் கடைக் கணக்கிலேயே செய்வதா, கற்பனைக் கம்பெனியிலா? கற்பனை என்றால் கட்டணத்தைக் குறைத்துப் பேசுங்கள், அல்லது விடுங்கள். படிப்பு முடிந்த பிறகு கடைக்கு நேரில் வந்து பார்ப்பார்களா? போன அணியில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள்?

சில்லறை:
நாலாவது கேள்வி சேருகிறவருக்கே. தினசரி விற்பனை, மொத்த லாபம், வெளிப் பாக்கி, கையிருப்புச் சரக்கு: இந்த நாலும் மூன்று மாதத்துக்காவது எழுதி வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் படிப்பால் என்ன மாறியது என்று பிறகு யாருக்கும் தெரியப்போவதில்லை. சீசன் வியாபாரத்தில் போன வருடம் அதே மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும். பண்டிகை மாத விற்பனையைக் காட்டிப் ‘படிப்பின் பலன்’ என்று சொல்லக்கூடாது.

தராசுமுள்:
அப்படி எழுதினாலும் ஒற்றைக் கடையில் 10% தெரியாது. லாபம் மாதத்துக்கு மாதம் அதைவிட அதிகமாகவே ஏறி இறங்கும். மொத்த லாப விகிதமும் வசூல் நாளும் அவ்வளவு ஆடாது, அவற்றைப் பாருங்கள். விலைப் பாடம் வேலை செய்தால் 30% என்பது 31க்கு மேல் போயிருக்க வேண்டும்.

புதுக்கணக்கு:
விசாரித்தேன். விலை, பாக்கி இரண்டும் முதல் நான்கு வாரத்தில் வருகிறது. தனித்தனிப் பகுதியாகவும் சேரலாம். ஒரு பகுதி 18,000, 24 மணி நேரம்.

அடக்கவிலை:
மூன்று பகுதியையும் தனியாக எடுத்தால் 54,000, அதாவது 9,000 கூடுதல். நடுவில் நிறுத்தும் உரிமைக்கான விலை அது. மாலையில் கடை சாத்தினாலும் முதல் பகுதிக்கு 18,000 + 16,800 = 34,800தான் ஆபத்தில் இருக்கும். எடுக்கலாம். பிறகு முழுப் படிப்புக்கு மாறினால் கட்டிய 18,000ஐக் கழிப்பார்களா என்று மட்டும் கேட்டு, பதிலை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

சில்லறை:
அந்த முதல் பகுதிக்கு நானும் குறுக்கே நிற்க மாட்டேன். மற்ற இரண்டிலும் என்ன இருக்கிறது என்று பாடத்திட்டத்தை இங்கே போடுங்கள், பார்ப்போம்.