முன்யோஸா, பஸார்டோவா? மாரினர்ஸ் 2026

சியாட்டில்வாசி:
"மாரினர்ஸ் போன வருஷம் குருட்டு அதிர்ஷ்டத்தில் வந்தது, 2026-இல் மூன்றாமிடம்தான்" என்று நேற்று ஒருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். எங்கள் சியாட்டில் பேஸ்பால் அணியைப் பற்றிய அந்த வரியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 90 வெற்றி. 2001-க்குப் பிறகு முதல் முறையாக டிவிஷன் (அணிப் பிரிவு) பட்டம். கால் ராலி 60 ஹோம் ரன். அடிப்பவருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிக்கும் கேட்சர் எவரும் ஒரே சீசனில் அவ்வளவு அடித்ததில்லை. இதில் அதிர்ஷ்டம் எங்கே வந்தது? முதல் பேஸ் ஆட்டக்காரர் நெய்லரை ஐந்து வருஷத்துக்குப் பிடித்துப் போட்டாயிற்று. இந்த வருஷம் உலகத் தொடர் நிச்சயம்.

ஸ்காபரோ மகன்:
அண்ணை, எழுதியது நான்தான். உலகத் தொடருக்கு யார் போவது என்ற அமெரிக்கன் லீக் இறுதித் தொடரில் எங்கள் புளூ ஜேஸோடு ஏழாவது ஆட்டம், ஏழாவது இன்னிங்ஸ், 3-1 என்று முன்னுக்கு நின்றீர்கள். எங்கள் ஸ்பிரிங்கர் ஒரே அடி. 4-3. மறந்துபோச்சோ?

சியாட்டில்வாசி:
மறப்பதா? என் மகள் ராலியின் 29 எண் சட்டையைக் கழற்றாமலே அழுதபடி தூங்கிப்போனாள். ஒரு அவுட், இரண்டாம் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் ஆள். அந்த நேரத்தில் எங்கள் மேலாளர் வில்சன், கடைசி இன்னிங்ஸை முடித்துக்கொடுக்கும் பிட்சர் முன்யோஸை விட்டுவிட்டு பஸார்டோவைப் பந்தெறிய அனுப்பினார். முன்யோஸ் எறிந்திருந்தால் உலகத் தொடரில் நாங்கள்தான்.

புள்ளிக்கணக்கு:
வலுவான அணி என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? சீசனின் 162 ஆட்டத்தையா, அக்டோபர் இறுதிச் சுற்றுகளையா?

சியாட்டில்வாசி:
அதெல்லாம் அப்புறம். முன்யோஸா, பஸார்டோவா?

புள்ளிக்கணக்கு:
பஸார்டோ சீசன் முழுக்க நன்றாகவே எறிந்தார். அந்த இன்னிங்ஸில் முதல் ஆளுக்கே வாக் (நான்கு தவறான பந்து எறிந்து இலவச முதல் பேஸ்) கொடுத்து அடுப்பை மூட்டியது அவருக்கு முன்பு எறிந்த வூ.

சியாட்டில்வாசி:
வூ மேல் பழி போடாதீர்கள். காயத்திலிருந்து திரும்பி வந்த பையன். ஐந்தாவது, ஆறாவது இன்னிங்ஸில் ஒரு ரன் விட்டாரா? தப்பு வில்சனுடையது. முன்யோஸைக் கொண்டுவந்திருக்க வேண்டும்.

ஸ்காபரோ மகன்:
இரண்டு அணியும் 1977-இல்தான் தொடங்கின. எங்களிடம் 92, 93 கோப்பைகள் இருக்கின்றன. நீங்கள் இன்னும் உலகத் தொடரின் வாசற்படியை மிதிக்கவில்லை. எங்கள் அணியின் ஊர் ரொறன்ரோவுக்கு வந்து பாருங்கோ.

சியாட்டில்வாசி:
முதலில் ஊர்ப் பெயரை ஒழுங்காக எழுதுங்கள். டொராண்டோ.

ஸ்காபரோ மகன்:
இங்கே எங்கள் பத்திரிகையிலும் கடைப் பலகையிலும் ரொறன்ரோதான். நாங்கள் வாழும் ஊரின் பெயரை எங்களுக்கே படிப்பிக்க வேண்டாம்.

சியாட்டில்வாசி:
சரி, அதற்குப் பிறகு உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸிடம் 11 இன்னிங்ஸ் ஆடித் தோற்றது எந்த ஊர்? ஒன்பதாவதில் உங்கள் கைனர்-ஃபலேஃபா மூன்றாம் பேஸிலிருந்து இன்னும் இரண்டு அடி தள்ளி நின்றிருந்தால், ஹோமில் அவுட் ஆகாமல் வெற்றி ரன் எடுத்திருப்பார், கோப்பை உங்களுடையது.

ஸ்காபரோ மகன்:
அப்படி ஒட்டி நிற்கச் சொன்னது பயிற்சியாளர்கள். அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு சொல் கதைக்கக் கூடாது.

புள்ளிக்கணக்கு:
2026-க்கு வருவோமா? போன வருஷம் அதற்கு முந்தைய சுற்றில் மாரினர்ஸ் டெட்ராய்ட்டை 15 இன்னிங்ஸில் வீழ்த்திய அடி போலாங்கோ அடித்தது. அவர் இப்போது நியூயார்க் மெட்ஸ் அணியில். அந்த இடத்துக்கு என்ன வழி?

சியாட்டில்வாசி:
போலாங்கோ போனால் போகட்டும். முன்யோஸ் இருக்கிறாரே. அன்றைக்கும் இருந்தார். ஏன் கூப்பிடவில்லை என்று இங்கே ஒருவரும் இதுவரை பதில் சொல்லவில்லை.

ஸ்காபரோ மகன்:
முன்யோஸ் வந்திருந்தாலும் ஸ்பிரிங்கர் அடித்திருப்பார்.

சியாட்டில்வாசி:
அடித்திருக்கவே மாட்டார்.