கை மாறிப் போகும் டிக்கெட் காசு: உங்கள் பஸ் அனுபவங்கள்

பெரம்பூர்வாசி:
சென்னை மாநகரப் பஸ்ஸில் கண்டக்டர் இருக்கையை விட்டு எழுந்திருப்பதே இல்லை என்பது வெளியூர்க்காரர்களின் தீராத குறை. நெரிசலில் காசுதான் அவரைத் தேடிப் போகவேண்டும். எனக்கென்னவோ இந்த ஏற்பாடு பிடிக்கும். பெசன்ட் நகர் போகும் 29சி-யில் காலையில் நின்றவர்களுக்குத் தெரியும். தோளில் தட்டி, ‘ஒரு அடையாறு’ என்று நோட்டைக் கையில் திணிப்பார்கள். யாருடையது என்று திரும்பிப் பார்க்கக்கூட இடமிருக்காது.

ஒரு நாள் முன்பக்கத்திலிருந்து ஐந்நூறு ரூபாய் நோட்டு வந்தது, நான்காக மடிந்து, வியர்வையில் நனைந்து. கண்டக்டர் முகம் சுளித்தார். டிக்கெட்டின் பின்னால் பாக்கியைக் கிறுக்கி அனுப்பிவைத்தார். ஜெமினி மேம்பாலம் தாண்டியதும் சில்லறை சேர்ந்துவிட்டது போலும். நோட்டுக் கத்தையும் நாணயங்களும் எங்கள் வழியாகவே முன்னே போயின. எண்ணிப் பார்க்கக் கை துறுதுறுத்தது. எண்ணினால் பக்கத்தில் இருப்பவரைச் சந்தேகப்படுவதாகிவிடுமே என்று அடக்கிக்கொண்டேன். எனக்கு முன்னால் நின்ற பெரியவருக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை. நிதானமாக எண்ணி, ‘சரியாக இருக்கிறது’ என்று பஸ்ஸுக்கே அறிவித்தார். அவரை யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

தரமணித் தோழி:
காசில்லாத டிக்கெட்டுக்கும் இதே பாதைதான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்கு இலவசம் என்றாலும் டிக்கெட் வாங்கியாகவேண்டும். அதனால் எங்கள் குரல் மட்டும் பின்னால் போகிறது. ஒருமுறை ‘மூன்று லேடீஸ்’ என்று சொல்லி அனுப்பினோம். ஐந்து டிக்கெட் வந்தது. நடுவில் எந்தப் புண்ணியவான் கூட்டினாரோ! மிச்சம் இரண்டும் வந்த வழியே திரும்பின. ‘அதற்குள் இரண்டு பேர் இறங்கிவிட்டார்களா?’ என்று கண்டக்டர் கேட்டது எங்கள்வரை கேட்டது.

அடையாறு மாமா:
இப்போது சிங்காரச் சென்னை அட்டையும் கை மாறுகிறது; முன்கூட்டியே பணம் போட்டு வைத்து, டிக்கெட்டுக்குக் காசுக்குப் பதிலாக நீட்டும் அட்டை அது. ஐந்து ரூபாய் நாணயத்துக்கு முகம் கிடையாது, யாருடையதானாலும் ஒன்றுதான். அட்டை அப்படியில்லை. போன வாரம் ஒரே அச்சில் மூன்று அட்டைகள் சேர்ந்து திரும்பி வந்தன. ஒருவர் மட்டும் தன் அட்டையில் பேனாவால் முதலெழுத்து எழுதி வைத்திருந்தார். மற்ற இருவரும் அட்டையிலுள்ள மீதித் தொகையைப் பார்த்து எது யாருடையது என்று பிரித்துக்கொள்ளக் கூட்டத்தில் முண்டியடித்துக்கொண்டு கண்டக்டரிடமே போனார்கள்.