வழிக்கதை: ஒரு சொல் முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

பழைய மாயக்கதைகளை இக்காலச் சிறுவர்களுக்காகப் புதுக்கி எழுதும் நூல்களை எப்பெயரால் அழைப்பது என்ற உரையாடலில் இதுவரை வந்த மறுகூறல், மறுவாசிப்பு, தழுவல் ஆகிய மூன்றிலும் எனக்கு நிறைவில்லை. மறுகூறல் என்பது சொன்னதையே இன்னொரு முறை சொல்வதாகத்தான் காதில் விழுகிறது. மறுவாசிப்பு, அகலிகையின் கதையைப் புதிதாக எழுதிய புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ போன்ற, பெரியவர்களுக்கான எழுத்தைப் பற்றித் திறனாய்வாளர்கள் கையாண்டு பழகிய சொல். தழுவலோ மேடைக்கும் திரைக்கும் உரியதாகிவிட்டது. கிளைக்கதை என்றால் பாரதத்துக்குள் வரும் நளன் கதைதான் நினைவுக்கு வரும்.

ஆகவே வழிக்கதை என்ற சொல்லை முன்வைக்கிறேன். நூலை முதல், வழி, சார்பு என மூன்றாக வகுக்கும் நன்னூல், முன்னோர் நூலின் முடிபோடு ஒத்து, பின்னோன் தான் விரும்பும் வேறுபாடுகளையும் சேர்த்துச் செய்வதை வழிநூல் என்றும், ஒரு பகுதியில் மட்டும் ஒத்து மற்றவற்றில் திரிவதைச் சார்புநூல் என்றும் பிரிக்கிறது. சாத்திர நூலின் முடிபு வேறு, கதையின் முடிவு வேறு என்று புலவர்கள் கண்டிக்கலாம். இருந்தாலும் இந்தப் பகுப்பு நமக்கு வியக்கத்தக்க அளவு பொருந்துகிறது. ஜெர்மானிய நாட்டார் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட முதல் தொகுதியில் ஸ்நோ ஒயிட்டைக் கொல்லத் துடித்தவள் பெற்ற தாயே. பின்வந்த பதிப்பில் அவளை மாற்றாந்தாய் ஆக்கியவர்களும் அவர்களேதாம். சின்ட்ரெல்லாவின் அக்காமார் செருப்புக்காகக் கால்விரலையும் குதிகாலையும் வெட்டிக்கொள்ளும் இடத்தை இன்றைய படப்புத்தகங்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. முடிவு அப்படியே நிற்பதால் இவை வழிக்கதைகள். இளவரசனே வேண்டாம் என்று சின்ட்ரெல்லா தையற்கடை வைத்தால் அது சார்புக்கதை.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று என்பதை நான் பட்டுத்தான் அறிந்தேன். நம் ஊர் நூலகம் ஒன்றில் தமிழ்க் கதைநேரத்தின்போது, கரையைத் தாக்கிய கூர்மூக்கு மீன்களை வாழைமர வேலியால் தடுக்க வழி சொன்ன சிறுவனின் மலாய்க் கதையைச் சொன்னேன். அவனுடைய அறிவைக் கண்டு அஞ்சிய அரசன் அவனைக் கொல்வித்ததைச் சொல்ல மனம் வராமல், பரிசு கொடுத்து அனுப்பிவைத்ததாக முடித்துவிட்டேன். முன்வரிசையில், பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்த ஏழெட்டு வயதுச் சிறுமி நிமிர்ந்து, “அந்தப் பையன் சாகலைன்னா புக்கிட் மேரா எப்படிச் செவப்பாச்சு?” என்று கேட்டாள். மலாயில் ‘சிவந்த குன்று’ எனப் பொருள்படும் சிங்கப்பூரின் புக்கிட் மேரா, அவன் சிந்திய குருதியால் சிவந்தது என்பதுதானே அப்பெயரின் கதை! வழிக்கதை சொல்வதாக எண்ணிக்கொண்டு நான் சார்புக்கதை சொல்லியிருக்கிறேன். அட்டையிலேயே இன்னது என்று குறித்துவிட்டால் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் இந்தச் சங்கடம் நேராது.

‘ஃபேரி டேல்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக வழங்கும் தேவதைக் கதை என்ற பழைய சொல்லையும் இத்துடன் கைவிடலாம் என்பேன். சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையில் ஓநாய் உண்டு, பாட்டி உண்டு, தேவதை ஏது? மாயக்கதை போதும்.

வழிக்கதை என்றால் வழிப்போக்கர் சொல்லும் கதை என்று மாணவர்கள் மயங்கமாட்டார்களா என நண்பர் ஒருவர் தனிமடலில் கேட்டார். வழித்தோன்றல் என்ற சொல்லில் மயங்காதவர்கள் இதிலும் மயங்கமாட்டார்கள் என்பது என் எண்ணம். சார்புநூலுக்குள்ள புடைநூல் என்ற மறுபெயரைக் கொண்டு சார்புக்கதையைப் புடைக்கதை எனலாமே என்பாரும் இருக்கலாம். முறத்தை நினைத்துக்கொள்வார்கள், வேண்டாம்.