பிள்ளை முன்னால் கோபமே படக்கூடாதா?

திருமங்கலத்து அம்மா:
பையனுக்கு இரண்டேகால் வயது. போன வாரம் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது, இவர் வேறு பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று நிற்கிறார், அந்த எரிச்சலில் டம்ளரை மேடையில் ஓங்கி வைத்துவிட்டேன். சாயங்காலம் அவன் தன்னுடைய குட்டி டம்ளரைத் தரையில் அதே மாதிரி ஓங்கி வைத்து "ச்சே!" என்றான். அப்படியே என் குரல். வயிற்றைக் கலக்கிவிட்டது. பிள்ளை முன்னால் கோபமே படாதே என்கிறார் மாமியார். நாள் முழுக்க இடுப்பிலேயே இருக்கிற பிள்ளையிடம் அது எப்படி முடியும்?

மேலூர்க்காரி:
மறைக்காதீங்க. 1970-களில் எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க ஆய்வாளர் தாய்மார்களைக் கொஞ்ச நேரம் முகத்தில் எதையும் காட்டாமல் இருக்கச் சொன்னார். சில மாதமே ஆன குழந்தைகள்கூட அம்மாவைச் சிரிக்கவைக்கப் பார்த்துவிட்டு, முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டன. நான் "ஒண்ணுமில்ல" என்று முகத்தை இறுக்கிக்கொண்ட நாட்களில்தான் என் மகளும் ரொம்பச் சிணுங்கினாள். இப்போது "அம்மாவுக்குக் கோவம் வந்துருச்சு, தண்ணி குடிச்சிட்டு வர்றேன்" என்று சொல்லி, அவள் பார்க்கவே சொம்பை அண்ணாந்து குடிப்பேன். ஒருநாள் பொம்மைக்குச் சட்டை மாட்ட முடியாமல் முகம் சிவந்து நின்றவள் தானே சொம்பைத் தேடிப் போனாள், பாதித் தண்ணி கவுனில்!

செல்லூர் அப்பா:
சகோதரி, கலங்காதீங்க. டம்ளரைப் பார்த்துச் செய்தவன் நல்லதையும் பார்த்துச் செய்வான். 1961-ல் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் செய்த சோதனையில், பெரியவர் ஒருவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள் அதே மாதிரி அடித்தார்கள், அமைதியாக இருந்தவரைப் பார்த்தவர்கள் அவ்வளவு அடிக்கவில்லை. நான் மகனை வைதுவிட்டால் பிறகு குத்தவைத்து உட்கார்ந்து, அவன் கண்ணைப் பார்த்து, "அப்பா கத்துனது தப்பு, பயந்துட்டியா?" என்று கேட்பேன். எங்க அப்பா எங்களிடம் ஒருமுறைகூட அப்படிக் கேட்டதில்லை, அது இன்னும் நெஞ்சில் கிடக்கிறது. ஆனால் பிள்ளை உருண்டு புரண்டு அழும்போது பாடம் நடத்தாதீங்க, ஒன்றும் ஏறாது. முதலில் தூக்கிக்கோங்க, பேச்செல்லாம் அப்புறம்.

திருமங்கலத்து அம்மா:
ரொம்ப நன்றி. அவனுக்கு "எரிச்சல்" வாயில் வராது, "கோவம்" வரும், அதிலிருந்தே தொடங்குகிறேன். சொம்பை மேடையில் எடுத்து வைத்துவிட்டேன். அன்றைக்கு டம்ளரை ஓங்கி வைத்ததற்கு இன்னும் நான் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை, இப்போது தூங்குகிறான், எழுந்ததும் சொல்லிவிடுகிறேன்.